ஐம்பதில் நின்ற அக்கா

அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே தலையை இடப்பக்கம் சரித்து, கண்ணை ஒரு கணம் மூடிவிட்டு, பிறகு விட்ட இடத்திலிருந்து பேசத் தொடங்குவார். முதல் தடவை பார்க்கிறவர்களுக்கு ஆளின் காதில் ஏதோ கோளாறு என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. பிறகுதான் தெரிந்தது, தீவிலேயே நல்ல காது அவருக்குத்தான். யார் வீட்டிலோ சுற்றுகிற காற்றாடியின் இரைச்சலைக் கேட்டே பவர்ஹவுஸ் எஞ்சின் சரியாக ஓடுகிறதா, களைத்து ஓடுகிறதா என்று சொல்லிவிடுவார்.

பெயரை எழுதமாட்டேன். தீவின் பெயரையும் எழுதமாட்டேன். குறிகட்டுவானில் படகேறி வருகிற தீவுகளில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதினால் மின்சார சபையின் பெரிய கந்தோரில் யாராவது எடுத்துப் படித்துவிட்டு அவருக்கு இன்னொரு கடிதம் போடுவார்கள். கடிதத்துக்குப் பயந்த ஆள் இல்லை. தீவுக்கு மின்சாரம் கொடுக்கிற பவர்ஹவுசை நடத்தியவர் அவர். அங்கே அவர் இருந்த கதிரைக்கு ஒரு கால் குட்டை. வந்த கடிதங்களை எல்லாம் நாலாக மடித்து அந்தக் காலுக்கு முண்டு கொடுத்து வைத்திருந்தார். கடிதம் வர வர கதிரை நேராகியது.

ஊரில் அவருக்கு அம்பதக்கா என்று பெயர். கம்பியில் வருகிற மின்சாரம் ஒரு செக்கனுக்கு ஐம்பது தரம் முன்னும் பின்னும் ஆடுகிறதாம். பள்ளிக்கூடப் புத்தகத்தில் அதற்கு மீடிறன் என்று பெயர். சனம் எடுப்பதும் நிலையம் கொடுப்பதும் சமமாக இருந்தால் அது ஐம்பதில் நிற்கும். எடுப்பது கூடினால் எஞ்சின் இளைத்துக் கீழே இறங்கும். கொடுப்பது கூடினால் மேலே ஏறும். அளவுக்கு மிஞ்சி ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, தொடுப்புகள் ஒவ்வொன்றாகக் கழன்று தீவு இருண்டுபோகும். அவரிடம் யாராவது சுகமா இருக்கிறீங்களோ அக்கா என்று கேட்டால், அம்பதில நிக்குது என்பார். தன்னுடைய சுகத்தைப் பற்றி அதற்கு மேல் அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

சொந்த ஊர் சரவணை. அங்கே பெரிய கம்பி, நாடு முழுவதும் ஒரே கம்பியில் தொங்குகிறது. "எங்கட ஊரில ஒரு ஆள் சுவிச்சைப் போட்டால் நாடு சேர்ந்து தாங்கும். இஞ்சை தாங்கிறதுக்கு நாங்கள் மட்டும்தான்" என்பார். சொல்லும்போது முகத்தில் கவலையைக் காணமுடியாது. சண்டைக்குப் புறப்பட்ட ஆளின் முகம்தான் இருக்கும்.

நான் தெற்குக் கரையில் மீனுக்கு ஐஸ் போடுகிறவன். ஐஸ் விற்பதும் வாய் காட்டுவதும்தான் என் தொழில் என்று மனைவி சொல்வாள். எனக்கும் அக்காவுக்கும் முதல் சண்டை நான் கூரையில் சோலர் பூட்டிய கிழமையில் வந்தது. கனடாவிலிருந்து தங்கச்சி எடுத்துத் தந்தது. தீவில் முன்னமே இருந்த கூரைச் சோலர்களைவிட என்னுடையது பெரிது. ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. சுவாமியார் வந்து தீர்த்தம் தெளித்தார். அக்காவும் சைக்கிளில் வந்தார். கூரையை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. சுவரை மேலும் கீழும் பார்த்தார்.

"உந்தச் சோலரை எங்க நிப்பாட்டிறது?" என்றார்.

எனக்கு ஏறிவிட்டது. கலியாண வீட்டுக்கு வந்து, செத்தவீடு எப்ப என்று கேட்பதுபோல இருந்தது. நிப்பாட்டவோ பூட்டினது, சூரியன் கடவுள் தந்தது என்றேன்.

"கடவுள் தந்ததுதான். அவருக்குப் போனில கோல் எடுத்து நிப்பாட்டச் சொல்ல எனக்கு ஏலாது. உமக்கு எடுக்க ஏலும்" என்றார். சுவரில் இருந்த சிவப்புச் சுவிச்சைச் சுற்றிச் சோக்கால் ஒரு வட்டம் போட்டார். என் போன் நம்பரைக் கொப்பியில் எழுதிக்கொண்டார்.

போகும்போது அறை வாசலில் தலையைச் சரித்தார். உள்ளே அப்பாவின் ஒட்சிசன் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நாற்பது வருசம் கடலில் நின்ற மனிதர். நெஞ்சு பழுதாகி, அந்த வருசம் கட்டிலோடு வந்திருந்தார். மெசின் காற்றைப் பிரித்து, ஒரு நீளக் குழாயால் அவருடைய மூக்குக்கு அனுப்பும். மின்சாரம் நின்றால் அதுவும் நிற்கும். பக்கத்தில் ஒரு சின்னச் சிலிண்டர், அரை மணித்தியாலம் தாங்கும். பெரியாஸ்பத்திரிக்குப் போவதென்றால் படகும் வான் வண்டியுமாக இரண்டு மணித்தியாலம். இந்தக் கணக்கை நான் படுக்கும்போதும் போட்டேன், எழும்பும்போதும் போட்டேன்.

அக்கா குனிந்து மெசினின் பின்னால் இருந்த தகட்டைப் படித்து, அது எவ்வளவு இழுக்கும் என்று எழுதினார். பிறகு அப்பாவிடம், "இந்த வீட்டுக்கு இருட்டு கடைசியாத்தான் வரும் அண்ணை. வந்தால் முதல்ல போகும்" என்றார்.

அப்பாவுக்கும் அவருக்கும் முன்னமே பழக்கம் இருந்ததென்று அன்றைக்குத்தான் அறிந்தேன். பழக்கம் என்றால் போன் பழக்கம். கடலில் நின்ற காலத்தில் அப்பா அவருக்கு முகில் சொன்னவர்.

முகில் சொல்வது என்பது எங்கள் தீவில் மட்டும் இருந்த வழக்கம். நாடு பெரிதென்றால் ஓரிடத்தில் முகில் மறைக்கும், இன்னோரிடத்தில் வெயில் எரிக்கும், கூட்டிக் கழித்தால் சரி. எங்கள் தீவு ஒரு முகிலுக்கே போதாது. சோளகக் காற்றுக் காலத்தில் தென்மேற்கிலிருந்து வருகிற ஒரு தடித்த முகில் அத்தனை கூரையையும் ஒரே நேரத்தில் மூடிவிடும். பாடசாலை, கோயில், தேவாலயம், கடை, என் வீடு என்று பத்தொன்பது கூரைச் சோலரும் ஒரே மூச்சில் படுத்துவிடும். ஓடிக்கொண்டிருக்கிற சின்ன எஞ்சின் தனியே தாங்காது, பெரிய எஞ்சினைத் தட்டி எழுப்பிச் சூடாக்க ஏழு எட்டு நிமிசம் வேண்டும். முகிலுக்கு அந்தப் பொறுமை இல்லை. அதனால் அக்கா மீன்காரரைப் பிடித்தார். தென்கடலில் வலை வளைக்கிறவர்கள் தங்கள் தலைக்கு மேல் முகில் வந்ததும் அவருக்கு ஒரு கோல் எடுக்கவேண்டும். அது கரைக்கு வர எத்தனை நிமிசம் என்பது காற்றைப் பார்த்தால் அவருக்குத் தெரியும். முகில் தீவுக்கு வரும்போது பெரிய எஞ்சின் சூடேறி நிற்கும். எங்கள் சனம் எதற்கும் பகிடி விடும். தென்கடலில் நின்று, "அக்கா, ஒரு கறுத்த ஆள் உங்களைப் பார்க்க வாறார்" என்பார்கள். "ஆள் மெல்லிசோ மொத்தமோ?" என்று அவர் கேட்பார். மெல்லிய முகிலென்றால் விட்டுவிடலாம்.

பெரிய கந்தோரில் இதைச் சொன்னபோது சிரித்தார்களாம். சிரித்தவர்களுக்கு அவர் எழுதி அனுப்பிய பதில் ஊரெல்லாம் பரவியது. உங்களுடைய கணினி நேற்று இங்கே மழை என்று சொன்னது, என் மீன்காரர் இல்லை என்றார்கள், நேற்றுக் காயப்போட்ட உடுப்பு காய்ந்துவிட்டது. அவ்வளவுதான் கடிதம்.

கூடினாலும் கரைச்சல், குறைந்தாலும் கரைச்சல் என்றேனே. வெயில் உச்சிக்கு வர, சனம் சோறு தின்றுவிட்டுப் படுக்க, மின்சாரம் எடுக்க ஆளில்லாமல் போகும். அந்த நேரத்தில் என் போன் அடிக்கும். முதலில் ஐஸ் மெசினைப் போடச் சொல்வார். மிஞ்சுகிற வெயிலை ஐசாக்கி வைத்தால் நட்டமில்லைத்தானே என்பது அவருடைய கதை. அதற்கும் மிஞ்சினால் சிவப்புச் சுவிச்சு. பத்தொன்பது பேருக்கும் பவர்ஹவுஸ் சுவரில் முறை எழுதி வைத்திருந்தார். இன்றைக்கு நான் என்றால் நாளைக்கு மற்றவன். ஒருநாள் கோயில் தருமகர்த்தாவின் முறை வந்தது. கோயிலுக்குமோ என்று அவர் கேட்டார். அம்பாளுக்கு முறை இல்லை, உங்கட கூரைக்குத்தான் முறை என்று இவர் சொன்னார். தருமகர்த்தா இரண்டு நாள் கோபமாக இருந்து, மூன்றாம் நாள் தானே நிற்பாட்டினார்.

எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. வெயில் எரிக்கிறது, கூரை என்னுடையது, நான் ஏன் நிற்பாட்டவேண்டும் என்று ஒருநாள் பவர்ஹவுசுக்கே போய்க் கத்தினேன். அவர் ஒரு சோடாப் போத்தலை உடைத்துத் தந்துவிட்டுக் கேட்டார்.

"சோளகத்துக்கு எதிரா சைக்கிள் மிதிச்சிருக்கிறீரோ?"

ஓம் என்றேன்.

"மூச்சைப் பிடிச்சு மிதிக்கேக்க காத்து சட்டெண்டு நிண்டால்?"

முன்னுக்குப் பாயும், விழுந்தாலும் விழுவேன் என்றேன்.

"அதுதான். சனம் எடுக்கிறது காத்து. நீங்கள் எல்லாரும் மிதிக்கிற ஆக்கள். காத்து விழுந்தால் மிதியைக் குறையுங்கோ எண்டு சொல்ல ஒரு ஆள் வேணும். அந்த ஆளுக்கு ஆரும் நல்ல பெயர் வைக்காயினம். எனக்கு அது தேவையுமில்லை" என்றார். சோடாவைக் குடித்துவிட்டு வந்தேன். விளங்கியது, ஆனால் கோபம் போகவில்லை.

அன்றைக்கு ஒன்றைக் கவனித்தேன். சுவரில் ஒரு பழைய மணிக்கூடு. அதற்குப் பற்றரி இல்லை. மின்சாரத்தின் ஆட்டத்தை எண்ணி எண்ணியே ஓடுவது. மீடிறன் கூடினால் முந்தும், குறைந்தால் பிந்தும். பின்னேரம் ஆறு மணிக்கு வானொலியில் நேரம் சொல்லும்போது அவர் மணிக்கூட்டைப் பார்ப்பார். ஆறு செக்கன் பிந்தியிருந்தால், அந்த ஆறு செக்கனையும் எட்டிப் பிடிக்கும் வரை எஞ்சினை ஒரு மயிரிழை வேகமாக ஓட்டுவார். ஆறு செக்கனை ஆர் பார்க்கப்போகினம் என்று கேட்டேன். மணிக்கூடு பார்க்கும் என்றார்.

பிறகு பெட்டி வந்தது. ஒரு வான் வண்டி அளவில், வெள்ளை நிறத்தில், உள்ளே முழுக்கப் பற்றரி. வெயிலில் மிஞ்சுவதைச் சேர்த்து வைத்து, முகில் வந்தால் திருப்பிக் கொடுக்கும். அக்காவுக்கு அதில் சந்தோசம்தான். தூசு படாமல் தானே துடைத்தார். ஆனால் பெட்டியோடு ஒரு கட்டளையும் வந்தது. காலை பத்திலிருந்து பின்னேரம் இரண்டு வரை சின்ன எஞ்சினையும் நிற்பாட்டவேண்டும், டீசல் மிச்சம், பெட்டி பார்த்துக்கொள்ளும். அதுவரை வெயில் எவ்வளவு எரித்தாலும் அவர் சின்ன எஞ்சின் ஒன்றை எப்போதும் ஓடவிட்டிருந்தார்.

கட்டளையோடு வந்த பொறியியலாளர் நல்ல பிள்ளை. படகில் சத்தியெடுத்து, முகம் வெளிறி வந்து இறங்கினார். அக்கா தேசிக்காய்த் தண்ணி கொடுத்து, அவர் தெளியும்வரை பொறுத்திருந்துதான் சண்டையைத் தொடங்கினார். நான் அப்போது ஐஸ் மெசின் விசயமாக அங்கே நின்றேன்.

எஞ்சின் இனிச் சும்மா ஓடத் தேவையில்லை என்றார் பொறியியலாளர்.

"சும்மா ஓடேல்லை சேர், முன்பாட்டுப் பாடுது. கூரையில இருக்கிற சோலர் எல்லாம் பின்பாட்டுக்காரர். முன்னுக்குப் பாடுற ஆள் சுருதி விட்டால் எல்லாரும் வாயை மூடியிடுவினம்."

பெட்டியே முன்பாட்டுப் பாடும் என்றார் பொறியியலாளர்.

"பாடலாம். நல்ல பெட்டிதான். ஆனால் முழுத்தீவையும் மூடுற முகிலுக்கு அது தனியப் பாடி நான் கேக்கேல்லை. ஒரு நாள் குறியுங்கோ. தெற்குக் கரை வீட்டுக்கு இன்னும் ரெண்டு சிலிண்டர் எடுத்து வைச்சிட்டு, சனத்துக்கும் சொல்லிப்போட்டு, எல்லாச் சோலரையும் ஒரேயடியா நிப்பாட்டிப் பாப்பம். பெட்டி தாங்கினால் நான் என்ர கையாலேயே எஞ்சினை நிப்பாட்டுவன்."

சோதனைக்கு மேலிடம் நேரம் ஒதுக்கவில்லை. கட்டளை மட்டும் எழுத்தில் வந்தது. அக்கா அதைச் சுவரில் ஒட்டினார். மூன்று கிழமை, ஒவ்வொரு நாளும் பத்து மணிக்குக் குறிப்புக் கொப்பியில் எழுதினார்: சின்ன எஞ்சின் நிறுத்தப்படவில்லை. கீழே கையெழுத்து. ஒளித்துச் செய்திருந்தால் யாருக்கும் தெரிந்திராது. ஒளிப்பதுதான் அவருக்கு ஏலாத வேலை.

நாலாம் கிழமை பொறியியலாளர் மறுபடி வந்தார். அந்தோனியார் திருநாளன்று. தெற்குக் கரைச் சிற்றாலயத்தில் எங்களுக்குத் திருநாள். அன்றைக்கு எங்களில் ஒருவரும் கடலுக்குப் போகமாட்டோம். படகெல்லாம் கரையில், கொடி கட்டி.

பத்தரைக்கு அக்கா கோல் எடுத்தார். ஐஸ் மெசினைப் போடும் என்றார். குரல் வழக்கத்தைவிட இறுக்கமாக இருந்தது. பின்னால் பொறியியலாளர் நின்று எஞ்சினை நிற்பாட்டிக்கொண்டிருந்தார் என்று எனக்கு எப்படித் தெரியும்? திருநாளன்று ஐஸ் போடச் சொல்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏலாது" என்றேன்.

அப்ப சிவப்புச் சுவிச்சு என்றார். நிற்பாட்டிவிட்டுப் போனைக் கட்டிலில் எறிந்தேன். இன்றைக்குத் திருநாள் அக்கா, மீனில்லை, கடலில் ஆளில்லை என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் போதும். நீள வாய்க்காரன் எனக்கு அன்றைக்கென்று ஒரு சொல்லுக்கு மேல் வாய் திறக்கவில்லை. அவரோ சைவக்காரி, தீவின் மறுபக்கத்தில் இருக்கிறவர். பக்கத்தில் கந்தோர்க்காரன் வேறு. முகிலென்றால் கோல் வரும் என்று நம்பிக்கொண்டு இருந்திருக்கிறார்.

பன்னிரண்டு அடித்துச் சில நிமிசத்தில் அப்பா கையைத் தட்டிக் கூப்பிட்டார். கட்டிலுக்கு நேரே ஜன்னல், ஜன்னலுக்கு நேரே கடல். தென்மேற்கில் ஈயம் உருக்கி ஊற்றியதுபோல ஒரு முகில்.

"மொத்தமானது. அவவுக்குச் சொல்லு" என்றார். அவருக்கு அதுவே நீளப் பேச்சு.

என் முறை முடிஞ்சுது, முகிலும் அவவும் பட்ட பாடு என்று சொல்லிவிட்டு நான் திருநாள் சாப்பாட்டுக்குப் போய் இருந்தேன். இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. எழுதத்தான் வேண்டும்.

முற்றம் இருண்டது. காற்றாடி ஒருதரம் இழுத்து இழுத்துச் சுற்றியது. பிறகு ஒட்சிசன் மெசின் கீச்சென்று கத்தத் தொடங்கியது. மனைவி சோற்றுக் கையோடு ஓடிப்போய்ச் சிலிண்டரைத் திறந்தாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் மோட்டர்சைக்கிளை எடுத்தேன்.

அக்காவைக் கிழிக்கத்தான் போனேன். பவர்ஹவுஸ் கதவு விரியத் திறந்திருந்தது. பெட்டி கழன்று, சிவப்பு வெளிச்சம் மினுங்கிக்கொண்டு ஊமையாக நின்றது. அவர் சின்ன எஞ்சினுக்குப் பக்கத்தில், கையெல்லாம் எண்ணெய். என்னைக் கண்டதும் ஒன்றே ஒன்று கேட்டார்.

"அப்பாவுக்கு இன்னும் எவ்வளவு நேரம்?"

இருபது நிமிசம் என்றேன்.

"அப்ப கத்தாதையும். சுவரில நம்பர் இருக்கு. மற்றப் பதினெட்டுப் பேருக்கும் எடுத்துச் சிவப்புச் சுவிச்சை நிப்பாட்டச் சொல்லும். நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் திரும்பப் போடப்படாது. முகில் போனதும் எல்லாச் சோலரும் ஒண்டாய் வந்து விழுந்தால் இந்தச் சின்னன் தாங்காது."

எடுத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மரியாதையாக நான் யாருடனும் பேசியதில்லை. எஞ்சின் இருமி இருமிப் பிடித்தது. பொறியியலாளர் முதலில் தொலைபேசிக் கோபுரத்துக்குக் கொடுக்கவேண்டும், அதுதான் ஒழுங்கு என்றார். "கோபுரத்துக்குப் பற்றரி இருக்கு சேர். தெற்குக் கரையில ஒரு மனுசன் சிலிண்டரில இருக்கிறார்" என்று சொல்லிக்கொண்டே அக்கா தெற்குப் பக்கத்துச் சுவிச்சைப் போட்டார். தலையைச் சரித்துக் கேட்டார். எஞ்சின் ஒருதரம் குனிந்து, நிமிர்ந்தது. மனைவி போனில், மெசின் ஓடுது என்றாள். சிலிண்டரில் எட்டு நிமிசம் மிச்சம் இருந்தது.

நான் நிலத்தில் குந்தியிருந்து அழுதேன். வெட்கமில்லை.

பெரிய எஞ்சினும் சூடேறி, மற்றப் பக்கங்களுக்கும் வெளிச்சம் வந்த பிறகு அக்கா கையைத் துடைத்துவிட்டுக் கொப்பியை எடுத்தார். முதல் வரி: திருநாள் என்பதையும் முகில் பார்க்கக் கடலில் ஆளில்லை என்பதையும் மறந்தேன், என் பிழை. இரண்டாம் வரி: சின்ன எஞ்சின் கட்டளைப்படி நிறுத்தப்பட்டிருந்தது.

பொறியியலாளர் மெல்ல, இரண்டாவது வரி வேண்டாமே என்றார். அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். அக்கா, அப்பா முகிலைக் கண்டவர், சொல்லச் சொன்னவர், நான்தான் சொல்லவில்லை என்றேன். ஏசுவார் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். பேனையை என் பக்கம் தள்ளினார்.

"என்ர பிழையை நான் எழுதினன். உம்மடையை நீர் எழுதும்."

எழுதினேன். கந்தோர்க் கொப்பியில் வெளியாள் எழுதக்கூடாது, இதை வெட்டவேண்டும் என்று பொறியியலாளர் பதறினார்.

"வெட்டுறதெண்டால் மூண்டையும் வெட்டுங்கோ. ஒண்டை மட்டும் வெட்ட விடமாட்டன்" என்றார் அக்கா. கொப்பியை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார். மூன்று வரியும் அப்படியே இருந்தன.

விசாரணை நடந்தது. பெட்டியைத் திருத்திவிட்டோம், கட்டளை கட்டளைதான் என்றார்கள். திருத்தினதைச் சோதிச்சுக் காட்டுங்கோ என்றார் அவர். மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். என் பிழைக்குரியது கொப்பியில் இருக்கு, மற்றதுக்கு மற்ற ஆக்களிடம் கேளுங்கோ என்று எழுதினார். மாற்றல் வந்தது. தூரத்தில், பெரிய கம்பியில், ஒரு கந்தோர் மேசை.

அவர் போன அன்று, பத்தரைப் படகுக்கென்று ஒரு பையோடும் சைக்கிளோடும் இறங்குதுறைக்கு வந்தார். யாரையும் வரவேண்டாம் என்று சொல்லியிருந்தார். நானும் போகவில்லை, எனக்கு வேறு வேலை இருந்தது. பத்து மணிக்கு, அவருடைய இடத்துக்குப் புதிதாக வந்தவர் கட்டளைப்படி சின்ன எஞ்சினை நிற்பாட்டினார். அந்த மனிதரைக் குறை சொல்லவில்லை. பிள்ளைகுட்டிக்காரர், சொன்னதைச் செய்தார்.

நான் சிவப்புச் சுவிச்சடிக்குப் போனேன். குழாயை இழுத்துக்கொண்டு அப்பா பின்னால் வந்து நின்றார். குழாய் சரியாக அந்தச் சுவர்வரைதான் எட்டும். என் கையைத் தட்டிவிட்டுத் தானே நிற்பாட்டினார்.

பிறகு போனை எடுத்தேன். மற்றப் பதினெட்டு நம்பரும் என்னிடம் இருந்தன. ஒரேயடியாக நிற்பாட்டினால் நாங்களே முகிலாகிவிடுவோம். அதனால் இரண்டு நிமிசத்துக்கு ஒரு வீடு. கடை, பாடசாலை, தேவாலயம். ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. தருமகர்த்தா மட்டும், "அவவின்ர முறைப்படிதானே?" என்று கேட்டார். ஓம் என்றேன். வெயில் எரிகிறது, கூரை எங்களுடையது, நாங்கள் நிற்பாட்டினோம். புதியவர் கையில் பெட்டி மட்டும் மிஞ்சியிருக்க, அது வெறுமையாகிக்கொண்டு வந்தது. பதினொன்றேகால் அளவில் அவருக்கு வேறு வழியில்லை, சின்ன எஞ்சினைத் தட்டி எழுப்பினார். எஞ்சின் சத்தம் தெற்குக் கரைவரை கேட்டது. அப்பா கட்டிலில் இருந்து கையை உயர்த்திக் காட்டினார்.

அடுத்த நாள் பத்து மணிக்கும் அப்படித்தான் செய்தோம். அதற்கடுத்த நாளும். எட்டாம் நாளிலிருந்து எஞ்சினை நிற்பாட்ட ஒருவரும் வரவில்லை. அந்தக் கட்டளை இன்னும் பவர்ஹவுஸ் சுவரில் ஒட்டியபடிதான் இருக்கிறது.

அவர் போன அன்றைக்குப் பத்தரைப் படகு வழக்கம்போலப் பிந்தி, பதினொன்றேகாலுக்குத்தான் வெளிக்கிட்டதாம். துறையை விட்டு வெளியே வந்ததும் அக்கா எழும்பி, படகு எஞ்சினை நிற்பாட்டச் சொல்லியிருக்கிறார். சனம் நிறைந்த படகு. ஓட்டி என் மச்சான்தான், பேசாமல் நிற்பாட்டினான். எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களாம். அவர் தலையை இடப்பக்கம் சரித்து, கரைப்பக்கமாகக் கண்ணை மூடிக் கேட்டாராம். அழுதாவோ என்று மச்சானிடம் போனில் கேட்டேன். இல்லை, ஒரு சேதி சொல்லிவிட்டவ என்றான்.

"குறைய ஓடுது. போய்ச் சொல்லச் சொல்லு."

நான் உடனே புதியவருக்குக் கோல் எடுத்து, மீடிறன் எவ்வளவு என்று கேட்டேன். அவர் எழும்பிப் போய்ப் பார்க்கிற செருப்புச் சத்தம் கேட்டது.

"நாப்பத்தொன்பதரை அண்ணை" என்றார்.

"கூட்டும்" என்றேன்.